கணக்கு காட்டாதவன் பேரை ஓலையில் எழுதாதே: உத்திரமேரூரும் ஏதென்ஸும்

1/
"உலகத்தோட முதல் தேர்தல் நம்ம உத்திரமேரூர்லதான் நடந்துச்சு. கிரேக்கனுக்கு முன்னாடியே நாம ஓட்டு போட்டோம்." வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்த ஃபார்வர்டு எல்லார் வாட்ஸ்அப்லயும் வந்துடும். தேர்தல் சமயத்துல இன்னும் கூடுதலா வரும். இதுல பாதி தப்பு. ஆனா மீதி பாதி, ஃபார்வர்டு எழுதினவர் நினைச்சதைவிட பெரிய விஷயம். நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே.

2/
முதல்ல இடம். உத்திரமேரூர் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்துல, 8ஆம் நூற்றாண்டுல, பிராமணர்களுக்குக் கொடையா உருவான ஊர். கல்வெட்டுல பேர் உத்திரமேரு சதுர்வேதிமங்கலம். ஊருக்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கு. அன்னைக்கு ஊர்ச்சபை கூடின மண்டபம் அங்கதான். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு அந்தச் சுவர்ல இருக்கு. ஒண்ணு கி.பி. 919. இன்னொண்ணு கி.பி. 921.

3/
இப்ப "முதல்" சண்டையை முடிச்சிடுவோம். ஏதென்ஸ்ல கிளைஸ்தனீஸ் மக்களாட்சி அமைப்பைக் கொண்டுவந்தது கி.மு. 508-507. உத்திரமேரூர் கல்வெட்டு கி.பி. 919. நடுவுல 1,400 வருஷத்துக்கு மேல இடைவெளி. இதுல யாரு முந்தினாங்கன்னு பட்டிமன்றம் நடத்த ஒண்ணுமில்ல.

4/
"சங்க காலத்துலயே குடவோலை இருந்துச்சே?" இந்தக் கேள்வி கண்டிப்பா கமெண்ட்ல வரும். அகநானூறு 77ஆம் பாட்டுல ஒரு உவமை வருது. கயிறு கட்டி முத்திரை வெச்ச குடத்தைத் திறந்து உள்ளே இருக்குற ஓலையை எடுக்குற ஆட்கள் பத்தின உவமை. பொருள் என்னன்னா பாலை நிலத்துல பிணத்தைக் குடையுற பருந்து. குடமும் ஓலையும் இருக்கு, சரி. ஆனா ஊர்ச்சபை, குடும்பு, பதவி, தகுதி எதுவும் அந்தப் பாட்டுல கிடையாது. அதை வெச்சு தேர்தல் முறையே இருந்துச்சுன்னு சொல்ல முடியாது.

5/
உத்திரமேரூருக்கு முன்னாடி உறுதியா காட்டக்கூடிய ஒரு சான்று நம்ம தென்கோடில இருக்கு. திருநெல்வேலி பக்கம் மானூர். பாண்டியர் காலம், கி.பி. 800ஐ ஒட்டினது. சபையில உறுப்பினரா இருக்க என்ன தகுதின்னு அந்தக் கல்வெட்டு வரையறுக்குது. அதுல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சபையில வர்ற ஒவ்வொரு விஷயத்துக்கும் வேணும்னே "அன்று, அன்று"ன்னு (அதாவது "இல்ல, இல்ல"ன்னு) குறுக்கே நிக்கிறவருக்கு 5 காசு அபராதம். விவாதம் நடக்காத இடத்துல இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்காது.

6/
சரி, உத்திரமேரூருக்கு வருவோம். ஊரை 30 குடும்பா பிரிச்சாங்க. குடும்புன்னா இன்னைய பாஷையில வார்டு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை தனித்தனி ஓலையில எழுதணும். ஒரு குடும்போட ஓலைகளை ஒரே கட்டா கட்டி, எந்தக் குடும்புன்னு மேல ஒரு வாயோலை பூட்டி, எல்லாக் கட்டையும் குடத்துல போடணும். அதனாலதான் குடவோலை.

7/
குலுக்கலுக்குப் பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சேர்ந்து மகாசபை கூடணும். அன்னைக்கு ஊர்ல இருக்குற நம்பிமார், அதாவது கோயில் பூசை செய்யறவங்க, ஒருத்தர் விடாம மண்டபத்துல உட்காரணும். அவங்கள்ல வயசுல மூத்தவர் எழுந்து குடத்தை எல்லாரும் பாக்குற மாதிரி தூக்கிக் காட்டணும். விவரம் ஏதும் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்லணும். அந்தக் கட்டைப் பிரிச்சு வேற ஒரு காலிக் குடத்துல போட்டு குலுக்கணும். அதுல இருந்து அதே பையன் ஒரே ஒரு ஓலை எடுப்பான்.

8/
இங்கதான் என்னைக் கவர்ந்த விவரம் வருது. பையன் ஓலையை மத்தியஸ்தன் கையில கொடுப்பான். மத்தியஸ்தன் அதை அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கை தெரிய வாங்கணும். இதைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. ஏன்? விரலை மடக்கினா இடுக்குல வேற ஓலை ஒளிச்சு வெச்சு மாத்திடலாம். வாங்கினவர் பேரைப் படிக்கணும். அவர் படிச்சது போதாது. உட்கார்ந்திருக்குற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாங்கிப் படிக்கணும். அப்புறம்தான் அந்தப் பேர் ஏற்கப்படும். இப்படி 30 குடும்புக்கும் 30 பேர்.

9/
அந்த 30 பேர் என்ன ஆவாங்க? படிப்பும் வயசும், முன்னாடி தோட்டம், ஏரி வாரியங்கள்ல வேலை பார்த்த அனுபவமும் உள்ள 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியா குடவோலை போட்டு ஆளுக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். முடிஞ்சதும் இறங்கிடணும். நடுவுல குற்றம் செஞ்சது தெரிஞ்சா அப்பவே நீக்கம்.

10/
கவனிச்சீங்களா? இதுல வேட்பாளர் இல்ல. பிரசாரம் இல்ல. ஓட்டும் இல்ல. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கல. இது குலுக்கல். ஃபார்வர்டுல தப்பான பாதி இதுதான். "அப்ப இது ஜனநாயகமே இல்லையே"ன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. ஏன்னா மக்களாட்சிக்குப் பேர் வெச்ச ஊரே பெரும்பாலான பதவிகளைக் குலுக்கல்லதான் நிரப்பிச்சு.

11/
ஏதென்ஸ் கதையைச் சுருக்கமா பார்ப்போம். கி.மு. 594ல அங்க பெரிய கடன் நெருக்கடி. கடனைக் கட்ட முடியாத ஏழை விவசாயி அடிமையா விற்கப்படுற நிலைமை. சோலோன்ங்கிறவரை நடுவரா வெச்சாங்க. அவர் கடன்களைத் தள்ளுபடி பண்ணி, ஆளையே அடமானம் வெச்சு கடன் கொடுக்குறதைத் தடை செஞ்சார். அப்புறம் பல வருஷம் பெய்சிஸ்ட்ராடஸ் குடும்பத்தோட தனியாட்சி. கி.மு. 510ல அது கவிழ்ந்துச்சு.

12/
அடுத்து ரெண்டு பெரிய வீட்டுக்காரங்க சண்டை. ஐசகோரஸ் ஒரு பக்கம், கிளைஸ்தனீஸ் இன்னொரு பக்கம். தோத்துக்கிட்டிருந்த கிளைஸ்தனீஸ் பொதுமக்களைத் தன் பக்கம் சேர்த்தார். ஐசகோரஸ் ஸ்பார்ட்டா மன்னன் கிளியோமெனீஸைப் படையோட வரவழைச்சார். அவங்க நகர மன்றத்தைக் கலைக்கப் பார்த்தாங்க. மன்றம் மறுத்துச்சு. மக்கள் திரண்டு அவங்களை அக்ரோபோலிஸ் மேல முற்றுகை போட்டாங்க. மூணாம் நாள் ஸ்பார்ட்டாக்காரங்க ஊரைவிட்டுப் போனாங்க. ஏதென்ஸ் மக்களாட்சி ஏதோ தத்துவ வகுப்புல பொறந்தது கிடையாது. கடன்லயும் தெருச் சண்டையிலயும் பொறந்தது.

13/
திரும்பி வந்த கிளைஸ்தனீஸ் முதல்ல கை வெச்சது பழைய குலப் பிரிவுகள்ல. கடலோரம், நகரம், உள்நாடுன்னு நிலப்பரப்பை 30 துண்டாக்கினார். ஒவ்வொரு பகுதியில இருந்தும் ஒரு துண்டு எடுத்து, மூணு மூணா சேர்த்து 10 புதுப் பிரிவுகள் அமைச்சார். ஒரே குடும்பத்தோட செல்வாக்கு ஒரே இடத்துல குவியாம இருக்கணும்னு. (அங்கயும் 30, இங்கயும் 30 குடும்பு. தற்செயல்தான். இதை வெச்சு புது ஃபார்வர்டு தயார் பண்ணிடாதீங்க ப்ளீஸ்.)

14/
ஒவ்வொரு பிரிவுல இருந்தும் 50 பேர், மொத்தம் 500 பேர் கொண்ட மன்றம். பிற்பாடு அதுக்கு ஆள் எடுத்தது குலுக்கல்ல. வயசு 30 ஆகியிருக்கணும். வாழ்நாள்ல ரெண்டு தடவைக்கு மேல உட்கார முடியாது. தலைமைப் பொறுப்பு ஒருத்தருக்கு ஒரே ஒரு நாள். சாக்ரடீஸும் இப்படி மன்றத்துல இருந்தவர்தான். கி.மு. 406ல தளபதிகளை மொத்தமா சேர்த்து விசாரிக்கணும்னு சட்டத்துக்கு மாறா ஒரு தீர்மானம் வந்தப்ப, கூட்டத்தோட கோபத்துக்குப் பயப்படாம ஒத்துக்க மறுத்தவர் அவர்.

15/
நீதிமன்றத்துக்கு வருஷத்துக்கு 6,000 பேர். எந்த வழக்குக்கு யார் உட்காரணும்ங்கிறதும் குலுக்கல். இதுக்குன்னே கல்லுல ஒரு கருவி செஞ்சாங்க. கல் பலகையில வரிசை வரிசையா பிளவுகள். ஒவ்வொருத்தரும் தன் பேர் பொறிச்ச வெண்கலப் பட்டையை அதுல சொருகணும். பக்கத்துல ஒரு குழாய். அதுல கறுப்பு, வெள்ளைக் குண்டுகளைக் கலந்து போடுவாங்க. வெள்ளைக் குண்டு விழுந்தா அந்த வரிசை உள்ளே. கறுப்பு விழுந்தா வீட்டுக்குப் போகலாம். நம்ம ஊர்ல குடமும் சின்னப் பையனும் செஞ்ச வேலையை அங்க கல்லும் குண்டும் செஞ்சது.

16/
இது நமக்கு எப்படித் தெரியும்? ஏதென்ஸ் அரசமைப்பு பத்தி அரிஸ்டாட்டில் பேர்ல வழங்குற நூல் பல நூற்றாண்டு காணாம போயிருந்துச்சு. எகிப்துல கிடைச்ச பாப்பிரஸ் சுருள்ல இருந்து 1891லதான் அச்சாச்சு. உத்திரமேரூர் கல்வெட்டு சென்னைக் கல்வெட்டுத் துறையோட கணக்குல ஏறினது 1898ல. வி. வெங்கய்யா அதைப் படிச்சு வெளியிட்டார். ஏழே வருஷ இடைவெளியில ரெண்டு ஊரோட விதிப் புத்தகமும் உலகத்துக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

17/
ஏன் குலுக்கல்? மருத்துவம் படிச்சவங்களுக்கு இது சீக்கிரம் புரியும். புது மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க நோயாளிகளை ரெண்டு குழுவா பிரிக்கணும். டாக்டரே பிரிச்சா தேறக்கூடியவங்களைத் தன்னை அறியாம மருந்து பக்கம் தள்ளிடுவார். அதனால குலுக்கல். 1948ல பிரிட்டன்ல வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுல யாருக்கு எதுங்கிறதை மூடி ஒட்டின உறைக்குள்ள வெச்சாங்க. எடுக்குறவருக்கும் முன்கூட்டித் தெரியக்கூடாது.

18/
நம்ம சென்னையில 1956ல தொடங்கின காசநோய் ஆய்வு மையமும் அதே முறையில செஞ்ச ஆய்வுதான், வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்துல படுத்திருக்குற அளவுக்குக் குணமாகலாம்னு 1959ல காட்டுச்சு. உலகம் முழுக்க டி.பி. வைத்தியம் மாறினது அதுக்கு அப்புறம். இப்ப திரும்ப உத்திரமேரூரைப் பாருங்க. விவரம் தெரியாத பையன், விரிச்ச உள்ளங்கை, ஒரே ஓலையை எல்லாரும் படிக்கிறது. நோக்கம் ஒண்ணுதான்: எடுக்குறவனோட விருப்பம் முடிவுக்குள்ள நுழையக்கூடாது.

19/
நியாயமான எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு. அதை சாக்ரடீஸே கேட்டதா ஜெனோஃபோன் எழுதியிருக்கார். கப்பல் ஓட்டுறவனையோ தச்சனையோ குலுக்கிப் போட்டு எடுப்பீங்களா? ஊரை நடத்துறவனை மட்டும் எப்படி எடுக்கலாம்? நல்ல கேள்வி. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு சர்ஜனைக் குடத்துல இருந்து எடுத்தா யாரும் டேபிள்ல படுக்க மாட்டீங்க.

20/
ஏதென்ஸ்காரங்களுக்கும் இது தெரியும். அதனால படைத்தளபதிகளைக் குலுக்கல்ல எடுக்கல. கை தூக்கி ஓட்டு போட்டுத்தான் எடுத்தாங்க, திரும்பத் திரும்ப எடுக்கவும் செஞ்சாங்க. பெரிக்ளீஸ் அப்படித்தான் வருஷக்கணக்கா இருந்தார். ஊர்ப்பொது மருத்துவரையும் சபையே பார்த்துத் தேர்ந்தெடுத்ததுன்னு பிளேட்டோ எழுத்துல இருந்து தெரியுது. உத்திரமேரூர்லயும் ஆண்டு வாரியத்துக்கு அனுபவசாலிகளைத் தனியா ஒதுக்கினாங்க. திறமை வேணும்கிற இடத்துல தெரிவு. யார் வேணும்னாலும் நேர்மையா செஞ்சா போதும்கிற இடத்துல குலுக்கல்.

21/
அடுத்து, குடத்துக்குள்ள யார் பேர் போகலாம்? 919ஆம் ஆண்டு விதிப்படி வயசு 30ல இருந்து 60. ரெண்டே வருஷத்துல, 921ல, அதை 35ல இருந்து 70ன்னு மாத்தினாங்க. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். தஞ்சைக் கணக்குல ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர், அப்ப கால் வேலி ஒன்றரை ஏக்கர் சொச்சம். சொந்த மனையில கட்டின வீட்டுல குடியிருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். வேத அறிவு கூடுதலா இருந்தா அரைக்கால் வேலி போதும். சம்பாத்தியம் நேர்மையா இருக்கணும். கடைசி மூணு வருஷத்துல எந்த வாரியத்துலயும் இருந்திருக்கக் கூடாது.

22/
இப்ப இந்த இழை எதுக்குன்னு சொல்ற இடத்துக்கு வந்துட்டோம். யார் பேர் போகக் கூடாதுங்கிற பட்டியல்ல முக்கியமான ஆள் யார் தெரியுமா? ஏற்கனவே ஒரு வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவர். அவர் பேரை ஓலையில எழுதவே கூடாது.

23/
அவரோட முடியல. அவரோட சின்னம்மா மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், அப்பாவோட கூடப்பிறந்தவர், தன்னோட கூடப்பிறந்தவர், மாமனார், மச்சான், சகோதரி புருஷன், சகோதரி மகன், மருமகன், அப்பா, மகன். யார் பேரும் கூடாது. கல்யாணப் பத்திரிகையில கூட இவ்வளவு உறவு போட மாட்டாங்க. "நான் நிக்கல, என் மச்சான் நிக்கிறார்"ங்கிற வித்தையை கல்வெட்டு எழுதினவங்க நல்லாவே பார்த்திருக்காங்க.

24/
திருட்டு, பெரும்பாவம், பொய் ஆவணம் செஞ்சவங்களுக்கும் இடமில்ல. குற்றத்துக்குத் தண்டனையா கழுதை மேல ஏத்தப்பட்டவங்களுக்கு பொன் வாரியத்துலயும் பஞ்சவார வாரியத்துலயும் இடமில்ல. கணக்கு எழுதுறவருக்குத் தனி விதி. தான் எழுதின கணக்கைத் தானே நேர்ல வந்து ஒப்படைச்சு, சரின்னு ஆன பிறகுதான் அவரை மறுபடி கணக்கு எழுத விடலாம். அவர் கணக்கை முடிக்க இன்னொருத்தர் புகக் கூடாது. "பழைய கிளார்க் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாருங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ங்கிற பதிலுக்கு 1,100 வருஷம் முன்னாடியே கதவை மூடியாச்சு.

25/
ஏதென்ஸ்லயும் இதேதான். பதவி ஏறும்போது ஒரு விசாரணை: அப்பா யார், அம்மா யார், பெத்தவங்களை ஒழுங்கா வெச்சிருக்கியா, வரி கட்டினியா, படையில சேவை செஞ்சியா? இறங்கும்போது இன்னொரு விசாரணை: கணக்கு. குலுக்கல்ல வந்த 10 தணிக்கையாளர்கள் முன்னாடி கணக்கு ஒப்படைக்கணும். பொதுமக்கள்ல யார் வேணும்னாலும் குற்றம் சாட்டலாம். கணக்கு முடியாத வரைக்கும் வெளிநாடு போக முடியாது. சொத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்க முடியாது. உயில்கூட எழுத முடியாது.

26/
ரெண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல 1,400 வருஷம், ஆயிரக்கணக்கான மைல். ஆனா ரெண்டு பேரும் ஒரே நோயைக் கண்டுபிடிச்சு ஒரே மருந்து எழுதியிருக்காங்க. நோய்: ஒரே ஆள், ஒரே குடும்பம் நாற்காலியில ஒட்டிக்கிறது. மருந்து மூணு: குறுகிய காலம், கட்டாய ஓய்வு, இறங்கும்போது கணக்கு. யாரை எப்படி எடுத்தாங்கங்கிறதைவிட எப்படி இறக்கினாங்கங்கிறதுலதான் ரெண்டு ஊரும் அதிகமா மூளையைச் செலவு பண்ணியிருக்கு.

27/
பெருமைப்படும்போது இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். உத்திரமேரூர் சபை பிராமண நில உடைமையாளர்களோட சபை. உழுதவங்க, நெய்தவங்க, பெண்கள் யார் பேரும் ஓலையில ஏறல. மேல சொன்ன உறவுப் பட்டியல்ல அத்தை, பெரியம்மா, சகோதரி எல்லாரும் வர்றாங்க, ஆனா இன்னாரோட மகன், இன்னாரோட புருஷன்னு அடையாளம் சொல்லத்தான். மேல அரசன் இருந்தான். 919லயும் 921லயும் விதி செய்யும்போது அரசனோட அதிகாரி பக்கத்துல இருந்தார்னு கல்வெட்டே சொல்லுது.

28/
ஏதென்ஸ் ஒண்ணும் மேல இல்ல. சபைக்கு மேல அரசன் கிடையாது, போரா சமாதானமான்னு சபையே முடிவு பண்ணும். அந்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனா பெண்களுக்கு இடமில்ல. வெளியூர்ல இருந்து வந்து தலைமுறை தலைமுறையா அங்கயே தொழில் செஞ்சவங்களுக்கு இடமில்ல. லாரியன் வெள்ளிச் சுரங்கத்துல செத்த அடிமைகளுக்கு இடமில்ல. அப்பா அம்மா ரெண்டு பேரும் ஏதென்ஸ்காரங்களா இருந்தாத்தான் குடியுரிமைன்னு கி.மு. 451ல சட்டம் போட்டதே பெரிக்ளீஸ்தான்.

29/
காஞ்சி நெசவாளர்கள் பத்தி ஒரு வார்த்தை. உத்திரமேரூர் குடத்துல அவங்க பேர் இல்ல. ஆனா அதே 10ஆம் நூற்றாண்டுல உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒண்ணு, காஞ்சி ஊரகம் கோயிலோட அறக்கட்டளை நிர்வாகத்துல இந்த ஊர் நெசவாளர் குடியிருப்புகளுக்குப் பொறுப்பு கொடுத்ததைப் பதிவு செய்யுது. ஊர்க் கணக்கைப் பார்க்குற அறிவு வேதம் படிச்சவங்ககிட்ட மட்டும் இருக்கல. தறியில உட்கார்ந்தவங்ககிட்டயும் இருந்துச்சு.

30/
இப்ப நம்ம காலம். 73ஆவது, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993ல நடைமுறைக்கு வந்துச்சு. இதுல ஓலையும் இல்ல, கால் வேலியும் இல்ல. 18 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இடஒதுக்கீடு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில பெண்களுக்கு இப்ப பாதி இடம். உள்ளாட்சி அமைப்போட ஆயுள் 5 வருஷம், அது முடியறதுக்குள்ள அடுத்த தேர்தல் நடந்திருக்கணும்னு அரசியலமைப்பே சொல்லுது. யார் உள்ளே வரலாம்கிற கேள்வியில உத்திரமேரூரையும் ஏதென்ஸையும் நாம ரொம்ப தூரம் தாண்டிட்டோம்.

31/
ஆனா நடந்தது என்ன? 2011ல தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகள் காலம் 2016 அக்டோபரோட முடிஞ்சது. அடுத்த தேர்தல் வரல. தனி அலுவலர்கள் நிர்வாகம் பண்ணாங்க. 2019 டிசம்பர்ல பல மாவட்டங்கள்ல ஊரகத் தேர்தல் நடந்தப்ப, பிரிக்கப்பட்ட மாவட்டங்கள்னு 9 மாவட்டம் விடுபட்டது. அதுல காஞ்சிபுரமும் ஒண்ணு. நம்ம மாவட்டத்து கிராமங்களுக்குத் தேர்தல் 2021 அக்டோபர்ல. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19ல.

32/
உத்திரமேரூர் பேரூராட்சி. அதாவது, குடவோலைக் கல்வெட்டு இருக்குற அதே ஊர்ல 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி வரைக்கும், 5 வருஷத்துக்கு மேல, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்ல. அந்தக் காலகட்டத்துக்கு நடுவுல, 2020 டிசம்பர்ல, டெல்லி புது நாடாளுமன்ற அடிக்கல் நாட்டு விழாவுல உத்திரமேரூர் பேர் பெருமையா சொல்லப்பட்டுச்சு. நாமளும் ஷேர் பண்ணோம். எந்தக் கட்சி, எந்த வழக்கு, யார் காரணம்கிறது வேற இழை. 360 நாளுக்கு ஒரு தடவை ஆளை மாத்தின ஊர்ல அஞ்சு வருஷம் குடமே வெளிய வரல. அதை மட்டும் குறிச்சு வெச்சுக்கலாம்.

33/
இதுல ஒரு டாக்டருக்கு என்ன கவலை? மேல்நிலைத் தொட்டியைக் கழுவுறது, குளோரின் போடுறது, சாக்கடை தூர் வார்றது, கொசு மருந்து அடிக்கிறது எல்லாம் உள்ளாட்சி வேலை. அன்னைக்கு ஏரி வாரியம் 6 பேர் பார்த்த வேலையோட இன்னைய வடிவம். ஒரு தெருவுல இருந்து நாலு பேர் வாந்தி பேதியோட வந்தா எங்களுக்கு அது சலைன் பாட்டில் விஷயம். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அது "தொட்டி எப்ப கழுவினீங்க, ரிஜிஸ்டரைக் காட்டுங்க"ங்கிற விஷயம். அந்தக் கேள்வியைக் கேக்க ஆள் இல்லாத ஊர்ல பதில் எங்க வார்டுல வந்து படுக்கும்.

34/
"ஓட்டு போட்டாச்சு, கடமை முடிஞ்சது"ன்னு நினைக்கிறோம். ஏதென்ஸ்காரனும் உத்திரமேரூர்க்காரரும் இதைக் கேட்டா சிரிப்பாங்க. அவங்களுக்கு ஆளை எடுக்குறது ஒரு நாள் வேலை. கணக்கு கேக்குறதுதான் ஆட்சி. நம்மகிட்டயும் அதுக்கு வழி இருக்கு. கிராம ஊராட்சின்னா கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்க மக்கள் முன்னாடி வந்தாகணும். ஊர்ல ஓட்டு உள்ள யார் வேணும்னாலும் எழுந்து கேக்கலாம். எந்த ஊரா இருந்தாலும் 2005ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு.

35/
பாதிப் பேர் கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்துடுறோம். அடுத்த கிராம சபையில மூணே மூணு கேள்வி கேளுங்க. போன வருஷம் குடிநீருக்கு எவ்வளவு வந்தது? எதுக்கு எவ்வளவு செலவாச்சு? பில் எங்க? கோபப்பட வேண்டாம், சத்தம் போட வேண்டாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க.

36/
உத்திரமேரூர் போகாதவங்க ஒரு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாங்க. காஞ்சிபுரத்துல இருந்து பஸ் இருக்கு. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க. சுவர்ல சாயாதீங்க, எழுத்து மேல கை வைக்காதீங்க. "இதுதான் உலகத்தோட முதல் தேர்தல்"னு பிள்ளைங்களுக்குச் சொல்லாதீங்க. "கணக்கு காட்டாதவன் இங்க திரும்ப நிக்க முடியாது, அவன் மச்சானும் நிக்க முடியாது"ன்னு சொல்லுங்க. அது உண்மை, கல்லுலயே இருக்கு.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிச்சு பதில் போடுறேன்.